இன்ஜின் நடுங்கினால் காற்றுக் குழாயைப் பாருங்கள்

சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் நடுங்குகிறது, வேகமெடுத்ததும் சீராகிவிடுகிறது என்றால், முதலில் காற்று வரும் வழியைச் சோதியுங்கள். 1 பங்கு பெட்ரோல் எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றை அளக்கும் சென்சாருக்குப் பிறகு குழாயில் விரிசல் இருந்தால், கணக்கில் வராத காற்று நுழைந்து இந்த விகிதத்தைக் கெடுத்துவிடும். வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில், பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்பதைக் காட்டும் பி0171 என்ற குறியீடு தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ரப்பர் குழாயின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், மேலே பளிச்சென்று இருக்கும் குழாய் கீழே பிளந்திருக்கும். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும். விரிசலுக்கு டேப் சுற்றுவது வீடு வந்து சேர மட்டுமே உதவும், குழாயை மாற்றிவிடுங்கள். கசிவைத் தேட, தீப்பற்றும் திரவத்தை ஓடும் இன்ஜின்மீது தெளிக்கும் பழக்கம் ஆபத்தானது, தயவுசெய்து வேண்டாம். பணிமனையில் புகை செலுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்சாரில் அழுக்கு படிந்திருந்தால் அதற்கென்றே உள்ள கிளீனரை மட்டும் தெளியுங்கள். உள்ளிருக்கும் மெல்லிய கம்பியைத் தொடாதீர்கள், முழுவதும் உலர்ந்தபின் பொருத்துங்கள்.

நடுக்கம் இல்லாமல் இழுவை மட்டும் குறைந்திருந்தால், ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.