சாப்பிட்டவுடன் வயிறு ஊதுகிறதா? சிறுகுடலில் பற்றீரியா பெருகினால் செய்ய வேண்டியவை

ஊரில் யாருக்காவது வயிறு ஊதினால் முதலில் உள்ளி சுட்டுக் கொடுப்பார்கள். என் சின்னம்மாவுக்கு மூன்று வருடம் அப்படித்தான் போனது. காலையில் எழும்பும்போது வயிறு சாதாரணமாக இருக்கும், மத்தியானம் சோறும் பருப்பும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் சேலையைத் தளர்த்திக் கட்ட வேண்டி வரும், பின்னேரம் முழுக்க ஏப்பம், ஒரு கிழமை வயிற்றோட்டம் என்றால் அடுத்த கிழமை ஒன்றும் போகாது. நாங்களும் வாய்வு வாய்வு என்று உள்ளியும் ஓமத்தண்ணியும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். உள்ளி தின்ற நாளில்தான் கூட ஊதுகிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு வைத்தியர், சிறுகுடலில் பற்றீரியா அளவுக்கு மேல் பெருகியிருக்கிறது என்றார். இதைச் சுருக்கமாக சிபோ என்பார்கள்.

வயிற்றுக்குள் பற்றீரியா இருப்பது பிழையில்லை, இருக்க வேண்டும். ஆனால் அதன் இடம் பெருங்குடல். அங்கே ஒரு கிராமில் பத்தாயிரம் கோடி வரை இருக்கும். சிறுகுடலின் மேற்பகுதியிலோ ஒரு மில்லிலீற்றருக்கு ஆயிரத்துக்கும் குறைவுதான். கிட்டத்தட்ட 6 மீற்றர் நீளமான அந்தக் குழாயை உடம்பு எப்படிச் சுத்தமாக வைத்திருக்கிறது என்று பாருங்கள். இரைப்பை அமிலம் வருகிற கிருமிகளைக் கொல்லும், பித்தம் மிச்சத்தை அடக்கும், பெருங்குடலில் இருந்து திரும்பி வராதபடி இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு இருக்கும். இதற்கெல்லாம் மேலாக, வயிறு வெறுமையாக இருக்கும்போது 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு தடவை குடல் ஒரு அலை மாதிரி சுருங்கி, உள்ளே கிடக்கிற மிச்சத்தை எல்லாம் கூட்டித் தள்ளிவிடும். சாப்பிட்டால் அந்தக் கூட்டல் நின்றுவிடும். இந்தக் காவல்களில் ஒன்று தளர்ந்தாலும் பற்றீரியா மேலே தங்கி, நாம் சாப்பிடுவதை நமக்கு முன்னால் தின்று வாயுவாக்குகிறது. அதுதான் அந்த ஊதல்.

அதனால் எதைச் சாப்பிடலாம் என்று கேட்கும் முன், ஏன் தங்கியது என்று கேளுங்கள். கனகாலமாக நீரிழிவு இருக்கிறதா? குடலை அசைக்கும் நரம்பையும் அது பாதிக்கும். தைரொயிட் சுரப்புக் குறைவா? வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்து உள்ளே குடல் ஒட்டிப்போயிருக்கலாமா? கடும் நோவுக்கு மோர்பின் வகை மருந்து எடுக்கிறீர்களா? நஞ்சான சாப்பாட்டால் வயிற்றோட்டம் வந்து, அதற்குப் பிறகு வயிறு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லையா? இன்னொன்று, நெஞ்செரிவுக்கு என்று ஒரு காலத்தில் தொடங்கிய, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசை இன்னும் காலையில் போய்க்கொண்டிருக்கிறதா? சின்னம்மாவுக்கு நீரிழிவும் இருந்தது, அந்தக் குளிசையும் ஏழு வருடமாக ஓடியது, ஏன் தொடங்கியது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. இதை வாசித்துவிட்டு நாளைக்கே அதை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் அமிலம் முன்னையைவிடக் கூடச் சுரக்கும், சிலருக்கு இரைப்பைப் புண் வராமல் இருக்க அது உண்மையிலேயே தேவை. தொடர வேண்டுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

வயிறு ஊதுகிற எல்லோருக்கும் சிபோ என்றும் எடுக்க முடியாது. பால் ஒத்துக்கொள்ளாமை, கியார்டியா என்ற ஒட்டுண்ணி, கணையக் கோளாறு எல்லாம் இதே மாதிரித்தான் காட்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் நித்திரையில் இருந்து எழுப்புகிற வயிற்றோட்டம், காய்ச்சல், விடாத வாந்தி, இரத்தச்சோகை, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு உடனே காட்டுங்கள். 50 வயது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக ஊதல் தொடங்கி வாரக்கணக்கில் நின்றால், சூலகத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிற விடயம் இல்லை இது.

பரிசோதனைக்கு மூச்சுதான் பார்ப்பார்கள். மனித உடம்பு தானாக ஐதரசனையோ மெதேனையோ உண்டாக்காது, குடலில் இருக்கிற நுண்ணுயிர்தான் உண்டாக்குகிறது, அது இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். 75 கிராம் குளுக்கோஸ் அல்லது 10 கிராம் லக்ருலோஸ் கரைத்துக் குடிக்கத் தந்து, சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஊதச் சொல்வார்கள். 90 நிமிடத்துக்குள் ஐதரசன் பத்து இலட்சத்தில் 20 பங்கு கூடினால் சிபோ என்று எடுப்பார்கள்; மெதேன் எந்த நேரத்திலும் 10 பங்கைத் தொட்டால் அது வேறு கதை. மெதேனை உண்டாக்குவது பற்றீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறொரு இனம், அது இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மலச்சிக்கல்தான் வருத்தம். பரிசோதனைக்கு முதல் நாள் வெள்ளைச் சோறும் உப்புப் போட்டு அவித்த மீனோ முட்டையோதான், பருப்பும் மரக்கறியும் பாலும் கூடாது, இரவு முழுக்கப் பட்டினி, நான்கு கிழமைக்குள் அன்ரிபயோட்டிக் எடுத்திருக்கக் கூடாது. இந்தப் பத்தியத்தைப் பிழையாகச் செய்தால் முடிவும் பிழைக்கும். நீரிழிவுக்காரர் குளுக்கோஸ் குடிக்கும் முன் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதோடு விற்றமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெருகிய பற்றீரியா அதைத் தின்றுவிடும், நீரிழிவுக்கு எடுக்கும் மெற்போமின் குளிசையும் அதைக் குறைக்கும். சின்னம்மாவின் கால் விறைப்பை எல்லோரும் சீனி வருத்தம் என்றே வைத்திருந்தோம், பார்த்தால் பி12 மிகக் குறைவு. ஊசி போடத் தொடங்கிய பிறகு அவர் இருந்து எழும்பி நடந்த விதமே வேறு.

மருந்து என்றால் அன்ரிபயோட்டிக்தான். அதிகம் எழுதிக் கொடுப்பது ரிபக்சிமின். வழமையான அளவு 550 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை, இரண்டு கிழமை. இது இரத்தத்தில் பெரிதாகச் சேராமல் குடலுக்குள்ளேயே வேலை செய்யும். மெதேன் பிரச்சினைக்கு இதோடு நியோமைசின் என்ற இன்னொரு அன்ரிபயோட்டிக்கைச் சேர்ப்பதும் உண்டு. ஆளைப் பார்த்து வேறு மருந்தும் தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்தது என்று பாமசியில் தானாக வாங்கிப் போடாதீர்கள்.

சாப்பாடு என்று வரும்போதுதான் நம்மவர்கள் இரண்டு பக்கமும் பிழை விடுகிறார்கள், ஒன்று எதையும் மாற்றமாட்டார்கள், இல்லையென்றால் மாதக்கணக்கில் கஞ்சியோடு கிடந்து மெலிந்துபோவார்கள். பத்தியம் பற்றீரியாவைக் கொல்லாது, அதற்குக் கிடைக்கிற தீனியைக் குறைத்து உங்களுக்கு ஆறுதல் தரும், அவ்வளவுதான். மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறைதான் இதற்கு உதவும்: கெதியாகப் புளிக்கிற மாச்சத்துகளை இரண்டு முதல் ஆறு கிழமை குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. நம் அடுப்படியில் முதல் இரண்டு எதிரிகள் உள்ளியும் வெங்காயமும். நம் ஊர்ச் சின்ன வெங்காயம் இல்லாமல் கறியா என்று சின்னம்மா அழாக்குறையாகக் கேட்டார். அதற்கு வழி இருக்கிறது. உள்ளியை எண்ணெயில் பொரித்து, தண்ணியோ பாலோ விடும் முன் உள்ளியை முழுவதும் அள்ளி எடுத்துவிடுங்கள்; அந்த மாச்சத்து எண்ணெயில் கரையாது, வாசம் மட்டும் நிற்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் போடலாம்.

பாணும் கோதுமை மாப் புட்டும் குறைய வேண்டும், அரிசிமாப் புட்டும் இடியப்பமும் சோறும் பயமில்லாமல் சாப்பிடலாம். பருப்பு, கடலை, கௌபி கொஞ்ச நாளைக்கு ஓரமாக இருக்கட்டும். மீன், நண்டு, முட்டை, கோழி, கரட், கத்தரிக்காய் பரவாயில்லை. சொதியை ஊற்றிக் குழைக்காமல் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். கறுத்தக்கொழும்பான் காலத்தில் இந்தப் பத்தியம் பிடிப்பது பெரிய வேதனைதான், ஆனாலும் மாம்பழத்துக்குப் பதில் பப்பாசியோ அன்னாசியோ எடுங்கள். ஆறு கிழமை முடிந்ததும் கட்டாயம் திரும்பச் சேர்க்கத் தொடங்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு சாமான், அளவையும் வயிறு என்ன சொன்னது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது, செலவே இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து மணிக்குப் பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், நான்கு மணிக்கு வடை, இடையில் யாராவது வந்தால் இன்னொரு தேத்தண்ணி என்று போனால் அந்தக் கூட்டுகிற அலைக்கு நேரமே கிடைக்காது. சாப்பாட்டுக்குச் சாப்பாடு நான்கு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள், நடுவில் தண்ணி மட்டும் குடியுங்கள். மருந்துக்கு இருக்கிற அளவு ஆதாரம் இதற்கு இல்லை, ஆனாலும் குடல் வேலை செய்யும் விதத்தோடு பொருந்திப் போகிறது. இன்சுலின் போடுகிறவர்களும் சீனியை இறக்கும் குளிசை எடுக்கிறவர்களும் மட்டும் வைத்தியரிடம் கேட்காமல் இப்படி இடைவெளி விடவே கூடாது, சீனி திடீரென்று இறங்கிவிடும்.

இது திரும்பி வரக்கூடிய வருத்தம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரிபக்சிமினால் சுகமானவர்களைத் தொடர்ந்து பார்த்த ஒரு இத்தாலிய ஆய்வில், ஒன்பது மாதத்துக்குள் நூற்றுக்கு 44 பேருக்கு அளவில் திரும்பி வந்தது. சின்னம்மாவுக்கும் எட்டாம் மாதம் ஒரு தடவை வந்தது. இந்த முறை யாரும் உள்ளி சுடவில்லை. அவர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனார்.