பைக் ஆயில் பார்க்கும்போது டிப்ஸ்டிக்கைத் திருகாதீர்கள்

ஸ்பிளெண்டர், ஷைன் மாதிரி பைக்குகளில் ஆயில் அளவு பார்க்கும்போது, டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மூடியோடு சேர்ந்திருக்கும் அளவுக் குச்சியை, துணியால் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே விடுகிறோம் இல்லையா, அப்போது மரையில் திருகாமல் சும்மா உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள். குச்சியில் உள்ள இரண்டு கோடுகளும் அந்த நிலையை வைத்துத்தான் போடப்பட்டவை. முழுசாகத் திருகிவிட்டால் குச்சி இன்னும் கீழே இறங்கி, ஆயில் குறைந்திருந்தாலும் போதுமான அளவு இருப்பதாகவே காட்டும். இந்த வண்டிகளில் மொத்தமே ஒரு லிட்டர் அளவுதான் ஆயில், அதில் கொஞ்சம் குறைந்தாலும் இன்ஜினுக்குக் கஷ்டம்.

வண்டி சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, அளவு தப்பாகிவிடும். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே வடிய இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அப்புறம் பாருங்கள்.

ஆனால் எல்லா இன்ஜினுக்கும் இது பொருந்தாது. சில ஜெனரேட்டர், புல்வெட்டி இன்ஜின்களில் முழுசாகத் திருகித்தான் பார்க்க வேண்டும், அதனால் வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல்சர் போல இன்ஜினிலேயே ஆயில் அளவு பார்க்கக் கண்ணாடி வைத்த வண்டி என்றால் குச்சியே கிடையாது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் மெஷினில் இப்படிப் பார்க்க எதுவுமில்லை.