ஒரே விலையில் இரண்டு டிரெயில் பைக்: எதைப் பார்த்து எடுப்பது?

இரண்டு டிரெயில் பைக்குகளின் (மலை, காட்டுப் பாதையில் ஓட்டும் சைக்கிள்கள்) விலை ஏறக்குறைய ஒன்று என்றால், இரண்டிலும் போட்ட பணமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு நிறுவனம் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கி அமுங்கும் இரட்டைக் கால்) போட்டதை இன்னொன்று கியரில் போட்டிருக்கும். ஆகவே பணம் எங்கே போயிருக்கிறது, எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். டயர், பெடல், கிரிப், சீட், பிரேக் பேட் இவற்றில் மிச்சம் பிடித்திருந்தால் பரவாயில்லை, எப்படியும் தேய்ந்து மாற்றப்போகிற சாமான்கள். கேசட்டும் (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு) செயினும்கூட அந்தக் கணக்குதான். ஃப்ரேமில் கைவைத்திருந்தால் அதை உங்களால் சரிசெய்யவே முடியாது. ஃபோர்க்கும் வீலும் நடுவில்: மாற்றலாம், ஆனால் பைக் விலையில் பெரிய பங்கை விழுங்கிவிடும்.

கடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. பின்பக்க டீரெய்லரில் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) உள்ள பெயரைக் காட்டித்தான் விற்பார்கள். டீரெய்லர் மட்டும் நல்லதாகவும் ஷிஃப்டர் (ஹேண்டிலில் கியர் மாற்றும் நெம்பு), கேசட், செயின் மூன்றும் ஒரு படி கீழாகவும் வரும் பைக்குகள் நிறைய. கையில் உணர்வது ஷிஃப்டரைத்தான். பெயரைப் படிப்பதானால் அதை முதலில் படியுங்கள்.

ஃப்ரேம்: முதலில் இதைப் பாருங்கள்

ஹெட் ட்யூப் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) டேப்பர்டா, நேரா? மேலே 1⅛ அங்குலம், கீழே 1½ அங்குலம் என்று கீழே அகன்று வந்தால் டேப்பர்ட். 120 மிமீக்கு மேல் டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள நல்ல ஏர் ஃபோர்க்குகள் (ஸ்பிரிங்காகக் காற்று உள்ளவை) இப்போது பெரும்பாலும் டேப்பர்ட் ஸ்டீயரருடன்தான் (ஃபோர்க்கின் மேல்தண்டு) வருகின்றன. நேரான ஹெட் ட்யூப்பாக இருந்தாலும் உள்விட்டம் 44 மிமீ என்றால் வழி உண்டு: கீழே வெளிப்புறக் கப் வைத்து டேப்பர்ட் ஃபோர்க் போடலாம், முன்பக்கம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். உள்விட்டம் 34 மிமீ என்றால் அந்த வழியும் இல்லை. இரண்டில் ஒன்று இப்படி இருந்தால் ஒப்பீட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பின் ஆக்ஸில் 12×148 த்ரூ ஆக்ஸிலாக (சக்கரத்தின் நடுவே ஊடுருவித் திருகி இறுக்கும் தடித்த அச்சு) இருந்தால் எந்த நல்ல வீலும் பிற்பாடு பொருந்தும். 135 மிமீ குவிக் ரிலீஸ் (நெம்பால் இறுக்கும் மெல்லிய அச்சு) என்றால் பழைய அளவு, கிடைக்கும் வீல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 141 மிமீ குவிக் ரிலீஸும் சில பைக்குகளில் வருகிறது. பார்க்க 148 போலவே இருக்கும், ஆனால் அதற்குப் பொருந்தும் ஹப்புகள் (சக்கரத்தின் நடுப்பகுதி) சொற்பம். முன்பக்கத்தில் 15×110 த்ரூ ஆக்ஸில் வேண்டும். குவிக் ரிலீஸில் ஃபோர்க்கின் இரண்டு காலும் தனித்தனியே வளையும். கல்லில் மோதித் திரும்பும்போது ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் போவது போலத் தெரியும்.

டீரெய்லர் ஹேங்கர் (டீரெய்லரை ஃப்ரேமோடு இணைக்கும் சிறு துண்டு) யூடிஹெச் வகையா என்று கேளுங்கள். 2019-ல் ஸ்ராம் (கியர், பிரேக் செய்யும் நிறுவனம்) கொண்டுவந்த பொது வடிவம் அது, பல கம்பெனி ஃப்ரேம்களுக்கு ஒரே ஹேங்கர். அது இல்லையென்றால் பைக்கோடு சேர்த்தே இரண்டு ஹேங்கர் வாங்கிவிடுங்கள். விழுந்தால் முதலில் வளைவது அதுதான். இரண்டு வருடம் கழித்து அந்த ஒற்றை மாடலுக்கு ஹேங்கர் தேடி அலையும் நிலை வரக்கூடாது.

சீட் ட்யூப்பின் உள்விட்டம் 30.9 அல்லது 31.6 மிமீ இருக்க வேண்டும், டிராப்பர் (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் தண்டு) கேபிள் போக ஃப்ரேமில் துளையும் இருக்க வேண்டும். 27.2 மிமீ என்றால் டிராப்பர் வகைகள் மிகக் குறைவு. ஒரு பைக்கில் டிராப்பர் உண்டு, இன்னொன்றில் இல்லை என்றால் அது பெரிய வித்தியாசம். இறக்கத்தில் சீட்டைக் கீழே தள்ளிவிட்டு உடலைப் பின்னால் கொண்டுபோக முடிவது பாதுகாப்புச் சமாச்சாரம். எவ்வளவு நீள டிராப்பர் பொருந்தும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போடலாம். கிராங்க் (பெடல்களைத் தாங்கிச் சுழலும் தண்டு) நடுவிலிருந்து சீட் மேல்பகுதி வரை உங்கள் சீட் உயரம் 720 மிமீ என்று வையுங்கள். சீட்டின் தடிமனுக்கு 50 கழித்தால் 670. சீட் ட்யூப் நீளம் 430 போக மீதி 240. டிராப்பரின் இறக்கத்தோடு தலைக்கும் காலருக்கும் சுமார் 45 மிமீ சேரும். ஆக 170 மிமீ டிராப்பர் (170+45=215) பொருந்தும், 200 பொருந்தாது. சீட் ட்யூப் 480 உள்ள ஃப்ரேமில் இதே ஆளுக்கு 125-க்கு மேல் போவது சிரமம். டிராப்பரின் அடிப்பகுதி உள்ளே இறங்கும் அளவுக்குச் சீட் ட்யூப் வளைவில்லாமல் நேராக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜியாமெட்ரி அட்டவணையைப் படிக்கும் முறை

எம், எல் என்று ஒட்டியிருக்கும் சைஸை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எம்-இல் ரீச் (கிராங்க் நடுவிலிருந்து ஹெட் ட்யூப் உச்சி வரை கிடைமட்டத் தூரம்) 430 மிமீ, இன்னொன்றில் 455. சைஸ் பெயரை விட்டுவிட்டு, உங்களுக்குப் பொருந்தும் ரீச் உள்ள சைஸை இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். 170 செமீ உயரத்துக்கு 440 முதல் 460 வரை பெரும்பாலும் சரியாக அமையும். எஃபெக்டிவ் டாப் ட்யூப் நீளம் உட்கார்ந்து மிதிக்கும் நிலையைச் சொல்லும். எழுந்து நின்று இறங்கும்போது கைக்கும் காலுக்கும் உள்ள தூரம் ரீச்சில்தான் இருக்கிறது.

அட்டவணையில் உள்ளவை ஆள் ஏறாத பைக்கின் அளவுகள். ஹார்ட்டெயிலையும் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன்) ஃபுல் சஸ்பென்ஷனையும் (இரு பக்கமும்) ஒப்பிடும்போது இதை மறந்தால் கணக்கு தவறும். 130 மிமீ ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயிலில் நீங்கள் ஏறியதும், 20 சதவீத சாக் (உங்கள் எடையால் அமுங்கி நிற்கும் பங்கு) வைத்தால், முன்பக்கம் மட்டும் 26 மிமீ அமுங்கும். பைக் முழுவதும் முன்னால் சாய்கிறது. வீல்பேஸ் (இரு சக்கர நடுப்புள்ளிகளின் இடைத்தூரம்) 1200 மிமீ என்று வைத்துக்கொண்டால் ஹெட் ஆங்கிள் (ஹெட் ட்யூப்பின் சாய்வு) சுமார் ஒரு டிகிரி நிமிரும், ரீச் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடும், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் இடம்) 8 மிமீ போல இறங்கும், சீட் ஆங்கிளும் (சீட் ட்யூப்பின் சாய்வு) ஒரு டிகிரி நிமிரும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்கமும் சேர்ந்து அமுங்குவதால் கோணங்கள் பெரிதாக மாறுவதில்லை. எனவே 65 டிகிரி ஹார்ட்டெயிலும் 66 டிகிரி ஃபுல் சஸ்பென்ஷனும் ஆள் ஏறியபின் ஏறக்குறைய ஒன்றுதான்.

சீட் ஆங்கிளில் இது தலைகீழ். செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் போகும்போது ஃபுல் சஸ்பென்ஷனின் பின் ஷாக் இன்னும் அமுங்கி உங்களைப் பின்னால் தள்ளும், முன்சக்கரம் தூக்கப் பார்க்கும். ஆகவே ஃபுல் சஸ்பென்ஷனில் 76, 77 டிகிரி இருப்பது நல்லது. ஹார்ட்டெயிலுக்கு 74, 75 போதும். கால் நீளமானவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சீட்டை உயர்த்த உயர்த்த அது பின்னாலும் போகும், அட்டவணைக் கோணம் உங்கள் உயரத்தில் கிடைக்காது.

ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

ஒரே விலையில் இந்தக் கேள்விதான் ஆளைக் குழப்பும். பின் ஷாக், லிங்க், பிவட் (அசையும் மூட்டு) பேரிங் எல்லாம் சேர்த்தும் விலை ஒன்றுதான் என்றால், அந்தப் பணம் வேறெங்கிருந்தோ எடுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஃபோர்க், வீல், பிரேக் மூன்றிலிருந்தும். எடையும் ஒன்றரை, இரண்டு கிலோ கூடுவது வழக்கம்.

ஃபுல் சஸ்பென்ஷன் பைக்கில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்: முன்னும் பின்னும் ஏர் ஸ்பிரிங், ஷாக்கில் ரீபவுண்ட் திருகு (அமுங்கியது திரும்பும் வேகத்தை மாற்றுவது), இரு பக்கமும் த்ரூ ஆக்ஸில், ஹைட்ராலிக் பிரேக். ஒன்று குறைந்தாலும் அந்த விலையில் ஹார்ட்டெயிலை எடுங்கள். குறிப்பாக, வெறும் காயில் ஸ்பிரிங்கும் (கம்பிச் சுருள்) அதை இறுக்கும் வளையமும் மட்டும் உள்ள பின் ஷாக் வேண்டவே வேண்டாம். டேம்பிங் (திரும்பும் வேகத்தைத் தணிக்கும் அமைப்பு) இல்லாத ஸ்பிரிங் அமுங்கியதை அதே வேகத்தில் திருப்பித் தள்ளும். வேர்களும் கற்களும் வரிசையாக வரும் இறக்கத்தில் பின்சக்கரம் துள்ளி ஆளை முன்னால் எறியும்.

எல்லாம் இருந்தால் அடுத்து ஷாக்கின் கணக்கு. பின் டிராவலை ஷாக் ஸ்ட்ரோக்கால் (ஷாக் அமுங்கும் நீளம்) வகுங்கள். 130 மிமீ டிராவல், 50 மிமீ ஸ்ட்ரோக் என்றால் 2.6. 3-ஐ நெருங்கினால் எடை கூடியவர்களுக்குக் காற்று மிக அதிகம் ஏற்ற வேண்டிவரும். உங்கள் எடைக்கு 30 சதவீத சாக், அதாவது 50-க்கு 15 மிமீ, வைக்கச் சொல்லிப் பாருங்கள். ஷாக்கின் மேல் எழுதியுள்ள உச்ச அழுத்தத்தை ஒட்டிப் போய்விட்டால் அந்த ஷாக் உங்களுக்கானது அல்ல.

பராமரிப்பையும் விலையோடு சேருங்கள். ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற ராக்‌ஷாக்ஸ் சொல்வது 50 மணி நேரம், ஃபாக்ஸ் சொல்வது 125 மணி நேரம். பின் ஷாக்குக்கும் அதுபோலக் கெடு உண்டு. ஈர மண்ணிலும் மழையிலும் ஓட்டினால் பிவட் பேரிங்குகளும் துருப்பிடிக்கும். உங்கள் ஊரில் ஷாக் சர்வீஸ் செய்யும் ஆள் இல்லையென்றால் ஹார்ட்டெயில் பக்கம் தராசு நன்றாகவே சாயும். தேயிலைத் தோட்ட மண்பாதை, மேடு பள்ளமான ஒற்றையடிப் பாதை இவற்றுக்கு நல்ல ஹார்ட்டெயில் தாராளம். வாராவாரம் பாறையும் வேருமாக நீண்ட இறக்கம் என்றால் ஃபுல் சஸ்பென்ஷனுக்குக் கொடுக்கும் கூடுதல் பராமரிப்புச் செலவு தகும்.

ஃபோர்க்

மாடல் பெயரைவிட இடதுகால் உச்சியில் மூடியைத் திறந்து ஏர் வால்வு இருக்கிறதா என்று பார்ப்பது நிச்சயம். ஒரே பெயரில் காயில் ஸ்பிரிங்கும் ஏர் ஸ்பிரிங்கும் வருவதுண்டு. காயில் ஃபோர்க் நடுத்தர எடையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 55 கிலோ ஆளுக்கு அது அமுங்காது, 95 கிலோ ஆளுக்கு முழுவதும் அமுங்கி முட்டும். மேலே உள்ள ப்ரீலோட் திருகு சாக் அளவைக் கொஞ்சம் மாற்றும், ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாது. வலதுகால் அடியில் ரீபவுண்ட் திருகு இருக்க வேண்டும். ஹேண்டிலில் லாக்அவுட் (ஃபோர்க் அமுங்காமல் பூட்டுவது) இருப்பதைப் பெரிதாகக் காட்டுவார்கள், இறக்கத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஸ்டாங்க்ஷன் (ஃபோர்க்கின் வழவழப்பான மேல்கால்) விட்டம் 30 மிமீ என்றால் லேசான பாதைக்கு, 32 பொதுவுக்கு. 80 கிலோவுக்கு மேல் என்றால் 34 அல்லது 35 தேடுங்கள்.

கியர், பிரேக், டயர்

கியரில் அதிகம் அலட்ட வேண்டாம். ஷிமானோ டியோர் 12 ஸ்பீடு கேசட் 10-51, ஸ்ராம் எஸ்எக்ஸ், என்எக்ஸ் ஈகிள் இரண்டும் 11-50. முன்னால் 30 பல் என்றால் ஏற்றத்துக்கான கடைசி கியரின் விகிதம் முறையே 0.59, 0.60. காலுக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் மேல்முனையில், தார்ச்சாலை வேகத்தில்தான். டியோரின் 10 பல்லுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் (கேசட் உட்காரும் ஹப் பகுதி) வேண்டும், மற்றவை சாதாரண ஹெச்ஜி ஃப்ரீஹப்பில் உட்காரும். பிற்பாடு கேசட் வாங்கும்போது இது நினைவிருக்கட்டும்.

பிரேக்கில் ரோட்டரில் (பிரேக் வட்டு) எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘ரெசின் பேட் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடக்கூடாது, ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும். நீண்ட ஈர இறக்கத்தில் ரெசின் பேட் வேகமாகக் கரையும், ஆக ரோட்டரையும் சேர்த்து மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள். முன் ரோட்டர் 180 மிமீ இருக்க வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமுக்கு மாடலைப் பொறுத்து டாட் திரவமோ மினரல் ஆயிலோ. மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெடும்.

டயரை மாற்றுவது எளிது, ரிம்மை மாற்றுவது அப்படியல்ல. ரிம் ட்யூப்லெஸ் ரெடியா, உள் அகலம் 28 முதல் 30 மிமீயா என்று பாருங்கள். 25-க்குக் கீழான ரிம்மில் 2.4 அங்குல டயர் குறைந்த காற்றில் வளைவில் பக்கவாட்டில் மடங்கும். புது பைக்கோடு வரும் டயர் கம்பி பீட் (ரிம்மில் உட்காரும் விளிம்பு) உள்ள மலிவு ரகமாக இருக்கக்கூடும், மேலே அச்சிட்ட பெயர் புகழ்பெற்றதானாலும். நல்ல முன் டயருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

கடையில் ஓட்டிப் பார்க்கும் விதம்

இரண்டு பைக்கிலும் டயர் காற்றும் சீட் உயரமும் ஒன்றாக வைத்தபிறகே ஏறுங்கள். 75 கிலோ ஆளுக்கு ட்யூப் இருந்தால் 28 முதல் 32 பிஎஸ்ஐ, ட்யூப்லெஸ் என்றால் 20 முதல் 25. கடையில் டயர் கல்லுப்போல் ஏற்றியிருப்பார்கள். அப்படியே ஓட்டினால் நீங்கள் ஒப்பிடுவது பைக்கை அல்ல, காற்றை. ஷாக் பம்ப் கேட்டு, வழக்கமாக மாட்டும் பையோடும் ஷூவோடும் சாக் வையுங்கள். ஸ்டாங்க்ஷனில் ஓ-ரிங் இல்லையென்றால் மெல்லிய ஜிப் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டினால் எவ்வளவு அமுங்கியது என்பதைக் காட்டும்.

பிறகு முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை முன்னும் பின்னும் அசையுங்கள். டொக்கென்று தட்டினால் ஹெட்செட் (ஹெட் ட்யூப் பேரிங்) தளர்வு. ஃபுல் சஸ்பென்ஷனில் சீட்டைப் பிடித்துச் சற்றே தூக்கித் தூக்கி விடுங்கள், பிவட்டிலோ ஷாக் புஷ்ஷிலோ ஆட்டம் இருந்தால் விரலில் தெரியும். பின் சக்கரத்தைப் பக்கவாட்டிலும் தள்ளிப் பாருங்கள். கிடைத்த ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே சின்ன கியரில் ஏறுங்கள், முன்சக்கரம் அலைகிறதா என்று பாருங்கள். பெடல்களைச் சமமாக வைத்து நின்றபடி இறங்குங்கள், முழங்கை மடிய இடம் இருக்கிறதா, எடை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சமம் என்றால், பொருத்தமான ரீச் உள்ளதை எடுங்கள். அதிலும் சமம் என்றால் ஸ்பேர் கையிருப்பு வைக்கும் கடையின் பைக்கை எடுங்கள். வாங்கியவுடன் ஷாக் பம்ப், ஹேங்கர், 5 மிமீ, 6 மிமீ ஆலன் கீ இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சில சவாரிகளுக்குப் பின் கிராங்க், ஸ்டெம், பிவட் போல்ட்டுகளை அவற்றில் எழுதியுள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மறுபடி முறுக்கி, ஸ்போக் இழுவையையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். புதுச் சக்கரத்தில் ஸ்போக்குகள் அமர்ந்து தளர்வது சகஜம், அப்படியே ஓட்டினால் ரிம் கோணிவிடும்.