தடை அறிவித்தலுக்குப் பதில் கொடுத்த செலவைத் திரும்பப் பெறுவது

சம்மாந்துறை நெல்லாலை ஒன்று விவசாயிக்கு நெற்காசு கொடுக்கவேண்டியிருக்கிறது. விவசாயிக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்றவர், அந்தக் காசைக் கைப்பற்ற, நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் மூலம் ஆலைக்குத் தடை அறிவித்தல் (காசை விவசாயிக்குக் கொடுக்காதே என்ற எழுத்து அறிவித்தல்) அனுப்புகிறார். ஆலைக்காரர் வழக்கில் தரப்பே அல்ல. ஆனாலும் சட்டத்தரணிக்குச் செலவழிக்க வேண்டிவருகிறது. இது நியாயமில்லை, அதனால் அந்தச் செலவைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

அறிவித்தல் கிடைத்த நாளையும் நேரத்தையும் அதிலேயே குறித்துவையுங்கள். அதன்பின் விவசாயிக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அதே காசை மறுபடி கட்ட நேரலாம், செலவு கேட்கும் நியாயமும் போய்விடும்.

செலவு கொடுப்பதா இல்லையா என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபு, அதாவது அதன் சொந்தத் தீர்மானம். ஆகவே பதிலாகக் கொடுக்கும் சத்தியக்கூற்றில் (சத்தியம் செய்து கையொப்பமிடும் எழுத்துக்கூற்று) கடன் தொகை, கொடுபடவேண்டிய நாள், ஏற்கனவே கொடுத்த முற்பணம் மூன்றையும் எழுதி, பற்றுச்சீட்டுகளை இணையுங்கள். கோரிக்கைப் பகுதியில் 'வழக்குச் செலவு' தனி வரியாக இருக்கட்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கடன் உண்மையென்றால் ஒப்புக்கொண்டு, நீதிமன்றில் கட்ட முன்வந்து, அதிலிருந்து செலவைக் கழிக்க அனுமதி கேளுங்கள். கட்டளை வரும்முன் நீங்களாகக் கழிக்கவேண்டாம். கடன் தீர்ந்துவிட்டதென்றால், தடை கேட்டவரிடமிருந்தே செலவைக் கோருங்கள். இருக்கும் கடனை வீணாக மறுத்தால், எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

கட்டளை கிடைத்ததும் செலவுப்பட்டியலைத் தாக்கல் செய்யுங்கள். விதிக்கப்பட்ட அளவுத்திட்டப்படியே அது கணிக்கப்படும். சட்டத்தரணிக்குக் கொடுத்த முழுக் கட்டணமும் திரும்பிவராது.