முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துவது

ஸ்பைனா பிஃபிடாவோடு, அதாவது முள்ளந்தண்டு முழுதாக மூடாமல், பிறந்த என் மகளுக்குக் கொழும்பில் கூன் சத்திரசிகிச்சை நடந்தபிறகு, எங்கள் ஊர் வட்டக்கச்சியில் கண்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இனி நடப்பாளோ?" நடக்கமாட்டாள். இது அதற்கான சத்திரசிகிச்சை இல்லை. கூனின் உச்சியில் உள்ள முள்ளந்தண்டு எலும்புகளில் சிலவற்றை எடுத்து, மிச்சத்தை நிமிர்த்தி, இடுப்பெலும்பு வரை உலோகக் கம்பி பூட்டுகிறார்கள். கை ஊன்றாமல் நிமிர்ந்து இருக்கலாம், வயிறும் நெஞ்சும் நெரிபடாது, கூனில் புண் வருவது குறையும். இதை வீட்டில் உள்ளவர்களுக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

ஆயத்தத்தில் பாதி தோல்தான். கூனில் புண் இருந்தால் அதை ஆற்றத்தான் முதலில் பார்ப்பார்கள். மகள் திண்ணையில் பாய் போட்டு, குப்புறப் படுத்தபடியே வீட்டுப்பாடம் எழுதினாள். அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாத பிள்ளை நோகுது என்று சொல்லாது. காலையும் மாலையும் நீங்களே பாருங்கள். வெயிலில் நின்ற ஓட்டோ சீற்றில் அப்படியே இருத்தாதீர்கள், பொக்களித்தபிறகுதான் தெரியவரும். மெலிந்த பிள்ளைக்குக் காயம் ஆறப் பிந்தும். முட்டை, பருப்பு, இரணைமடு மீன் எல்லாம் கொடுங்கள்.

சலத்தில் (சிறுநீரில்) கிருமி இருந்தால் அது கம்பி வரை போகலாம். அதனால் முன்கூட்டியே சலம் சோதிக்க வேண்டும். தலையில் ஷன்ட் (மூளையில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பலூன், றப்பர் கையுறை பட்டுத் தடித்ததுண்டா? இந்தப் பிள்ளைகளுக்கு லேட்டெக்ஸ் (றப்பர் பால்) ஒவ்வாமை அதிகம். வார்டில், தியேட்டரில், மயக்கமருந்து வைத்தியரிடம், எல்லா இடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அலுப்பென்று நினைத்தால் நினைக்கட்டும்.

பெண்பிள்ளை சலம் எடுக்கத் தன் கையாலேயே குழாய் போடுபவள் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: கம்பி பூட்டி முதுகு வளையாமல் போனபிறகு குனிந்து போட முடியுமா? இதை நாங்கள் கேட்டால்தான் கதைப்பார்கள்.

கொழும்புக்கு ஏ9 வீதி வழியாகப் போகும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எப்படியும் வாகனம் நிற்கும். மற்றவர்கள் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வருவதற்குள் பிள்ளையைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு காய்ச்சல், காயத்தில் கசிவு, தலையிடியோடு வாந்தி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், நிமிர்ந்து இருக்கத் தொடங்கினால் பாரம் முழுக்கப் பிட்டத்தில் விழும். சக்கர நாற்காலியின் பழைய மெத்தை அதற்குச் சரிவராது, புதிதாக அளந்து எடுங்கள்.