சோம்பை மாற்றி நட வேண்டாம்

சோம்பை நாற்றுவிட்டு மாற்றி நடாமல், வளரப்போகும் பூச்சாடியிலேயே நேரே விதைத்துவிடுங்கள். ஜாடி ஒரு சாணுக்கு மேல் ஆழமாக இருக்கட்டும். சோம்பின் வேர் கேரட்டைப் போல ஒற்றையாகக் கீழே இறங்குவது. பிடுங்கி நடும்போது முறிந்தால் செடி தேறாது, தேறினாலும் இலை விடாமல் அவசரமாகப் பூத்துவிடும். விதைப் பாக்கெட்கூட வேண்டாம், மளிகைக்கடையில் புதிதாக வாங்கிய சோம்பே பெரும்பாலும் முளைக்கும். வறுத்ததும், டப்பாவின் அடியில் கிடந்து மணம் போனதும் உதவாது.

கோலாலம்பூரின் மாலை மழை ஜாடியில் தேங்கினால் வேர் அழுகும். பால்கனியில் வெயில் படும், சாரல் படாத ஓரமாகப் பாருங்கள். இலையைக் கிள்ளி ரசத்திலோ மீன் குழம்பிலோ போடலாம். ஆனால் விதைக்காக வளர்ப்பதென்றால் சரிப்பட்டு வராது. விதை முற்ற நீண்ட, ஈரமில்லாத வெயில்காலம் வேண்டும். இங்கே அதற்கு எங்கே போவது?