மாரி மழைக்கு முன்னால் வீட்டைத் தயார்பண்ணுவது எப்படி

மட்டக்களப்பில் இருக்கிற நமக்கு ஐப்பசி பிறந்தால் வானத்தைப் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடும். 1978 சூறாவளியை நேரில் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது, 2011 ஜனவரியில் வெள்ளம், அப்புறம் 2022இல் காற்றும் இல்லை மழையும் இல்லை, ஆனாலும் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, சில நாட்களில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் "மழை இருட்டட்டும், பார்ப்போம்" என்றிருக்கிற வீடுகளைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது. கடைசி நேரத்தில் கடைக்கு ஓடினால் ஒன்றில் சாமான் இருக்காது, இல்லையென்றால் விலை கைக்கு எட்டாது.

ஒரேயடியாக வாங்க வேண்டாம். ஆடியில் தொடங்குங்கள், கிழமைக்கு ஒரு சாமான் மட்டும் கூடுதலாக. இந்தக் கிழமை ஒரு கிலோ பருப்பு, அடுத்த கிழமை உப்பும் நெருப்புப்பெட்டியும், அதற்கடுத்த கிழமை கருவாடு. வீட்டில் யாரும் தின்னாத ரின்மீனை மலிவென்று அடுக்காதீர்கள், வழக்கமாகச் சமைப்பதையே வாங்குங்கள். பழையதை எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வைத்துக்கொண்டே வந்தால் எதுவும் பழுதாகாது, செலவும் கூடாது.

அரிசிக்குக் கணக்கு இதுதான்: நாலு பேருள்ள வீட்டுக்கு நாளைக்கு ஒன்றேகால் கிலோ என்று வைத்தால் இரண்டு கிழமைக்குப் பதினெட்டு கிலோ அளவில் போதும். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, வயல்காரரிடம் நேரே வாங்க முடிந்தால் நல்லது. தகர வாளியைக் கழுவி, தொட்டால் சுடுகிற அளவுக்கு வெயிலில் காயவைத்து ஆறவிடுங்கள். அரிசியைப் பாதி கொட்டி, நிழலில் உலர்த்திய வேப்பிலை ஒரு பிடியும் காம்போடு நாலைந்து செத்தல் மிளகாயும் போட்டு, மீதியைக் கொட்டி இறுக்கி மூடுங்கள். வாளியை நிலத்தில் வைக்காதீர்கள், மேசைக்கு மேலே ஏற்றுங்கள்.

2011இல் எங்கள் வீட்டில் அரிசி இருந்தது, ஆனால் விறகு முழுக்க வீட்டின் பின்கோடியில் நனைந்து கிடந்தது. இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் நனைத்த அவல்தான் சாப்பாடு, சின்னதுகள் சோறு கேட்டு அழுததை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. அதிலிருந்து இரண்டு உரப்பை நிறையச் சிரட்டையும் பொச்சுமட்டையும் கூரைக்குக் கீழே உயரத்தில் கட்டி வைத்திருக்கிறேன், காசு ஒரு சதமும் போகவில்லை. காஸ் இருந்தாலும் ஒரு மண்ணடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு கரி எரிக்கவே வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

தண்ணீரைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். சுற்றிவர வெள்ளம் நிற்கும், குடிக்க ஒரு மிடறு இருக்காது, ஏனென்றால் கிணற்றுக்குள்ளும் மலக்குழித் தண்ணீர் கலந்திருக்கும். ஆளுக்கு நாளைக்கு மூன்று லீற்றர் குடிக்க என்று வைத்து, மூன்று நாளைக்காவது மூடியுள்ள பிளாஸ்டிக் கான்களில் பிடித்து வையுங்கள். வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுக்குக் குளோரின் போடும்வரை, கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும்தான். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி நாலு பைக்கட் வீட்டில் இருக்கட்டும், ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, ஒரு நாளைக்குள் முடிக்காததை ஊற்றிவிட வேண்டும்.

பிறகு, வெளிக்கிடச் சொன்னால் உடனே தூக்கிக்கொண்டு போகிற பை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் இரண்டு தடித்த பொலித்தீன் பைக்குள், காற்றை அமுக்கி எடுத்துக் கட்டியபடி. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். அதோடு ஒரு கிழமை மருந்து, டோர்ச், சில்லறைக் காசு. கரண்ட் இல்லாத நாளில் ஏ.டி.எம். காசு தராது.

தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், காஸ் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990, இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற அம்மம்மாவிடம் இந்தக் கிழமையே போய், பிரஷர் குளிசை எத்தனை நாளைக்கு இருக்கிறது, வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்கு வருவா என்று கேட்டு வையுங்கள். நடக்க முடியாதவ என்றால் யார் தூக்குவது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.